ஏவலாளும் காவலாளும்

ஒரு குடும்பத்திற்கு வேண்டும் பொருள் அனைத்தையும் அக்குடும்பத்தாரே விளைத்துக்கொள்ளுதல் இக்காலத்து இயலாது. அரிசி ஓர் ஊரினின்றும், ஆடை மற்றோர் ஊரினின்றும் வருகின்றன. பிறர் ஆக்கிய பொருளை வாங்கி வாழ்தல் குற்றமன்று. வாங்கும் பொருளை ஆராயாது வாங்குதலே குற்றம். மென்பொருள் உலகத்திலும் இதுவே முறை என்பதையும், அவ்வாராய்ச்சியை இந்நாளில் யாரிடம் ஒப்புவித்தல் தகும் என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நிரல் எழுதுவோர் அதனை முற்றும் தாமே எழுதுவாரல்லர். நாட்கணக்கிடுதல், படங்களைச் சுருக்குதல், கடவுச்சொல்லை மறைத்துவைத்தல் முதலிய வேலைகளுக்குப் பிறர் எழுதிப் பொதுக் களஞ்சியங்களில் வைத்துள்ள பொதிகளை எடுத்துச் சேர்த்துக்கொள்வர். அப்பொதிகள் வேறு பொதிகளைச் சார்ந்து நிற்கும். அவை மற்றும் சிலவற்றைச் சார்ந்து நிற்கும். பத்துப் பொதிகளை விரும்பி அழைத்தவர் வீட்டில் பல நூறு பொதிகள் வந்து குடியேறுதல் உண்டு. 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், லெஃப்ட்-பேட் என்னும் 11 வரிப் பொதி ஒன்றை அதன் ஆசிரியர் என்.பி.எம். களஞ்சியத்தினின்று நீக்கிவிட்டார். அதனைச் சார்ந்திருந்த பெரிய மென்பொருள்கள் பலவற்றின் ஆக்கவேலை அப்பொழுதே தடைப்பட்டது. அவற்றை ஆக்கியோருள் பலர் அப்பொதியின் பெயரையும் முன்னர் அறிந்திலர்.

இச்சார்புப் பொதிகளைச் சோதிப்பதற்கென ஸ்கேனர் என்று வழங்கும் கருவிகள் தோன்றின. அவற்றின் வேலை எளிதிற் புலப்படுவதே. ஒரு மென்பொருளில் எந்தப் பொதி, எந்தப் பதிப்பு உள்ளது என்னும் பட்டியலை அவை எடுத்துக்கொள்ளும். 1999ஆம் ஆண்டு முதல் சி.வி.ஈ. என்னும் எண் இட்டு வெளியிடப்பட்டுவரும் பாதுகாப்புக் குறைகளின் பட்டியலோடும், 2021இல் கூகுள் நிறுவனத்தார் தொடங்கிய ஓ.எஸ்.வி. போன்ற தொகுப்புகளோடும் அதனை ஒப்புநோக்கும். இரண்டிலும் ஒன்றுபட்டது உளதாயின், ‘இப்பொதியின் இப்பதிப்பில் இக்குறை உண்டு, இப்பதிப்பிற்கு மாறுக’ என்று எச்சரிக்கும். இதனைக் காவலாள் என்போம்.

அண்மையில் மற்றொருவன் இவ்வுலகிற் புகுந்துள்ளான். செயற்கை நுண்ணறிவு ஏஜெண்ட் என்பவன் அவன். வினவினால் விடை கூறுவதோடு நில்லாது, கோப்புகளைத் திறந்து திருத்தியும், கட்டளைகளை இயக்கியும், களஞ்சியத்தினின்று பொதிகளைக் கொணர்ந்தும் தானே தொழில் செய்வான். இவனை ஏவலாள் என்போம். உயிரில் பொருளை உயர்திணையாற் கூறுதல் வழுவேயாயினும் விளக்கம் கருதி அமைத்துக்கொள்க.

இவ்வேவலாளைக் காவலாளோடு இணைத்துவைத்தல் இன்று எளிதாகிவிட்டது. 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஆந்த்ரோபிக் நிறுவனத்தார் எம்.சி.பி. என்னும் பொது இணைப்புமுறை ஒன்றை வெளியிட்டனர். மறு ஆண்டில் ஓப்பன்ஏஐ, கூகுள் நிறுவனத்தாரும் அதனை ஏற்றுக்கொண்டனர். ஸ்னிக் முதலிய சோதனைக் கருவி நிறுவனத்தார் தத்தம் கருவிகளுக்கு அம்முறைப்படி வாயில் அமைத்துத் தந்தனர். எனவே ஏவலாள் காவலாளைத் தானே அழைத்துச் சோதனை செய்வித்து, விடையைப் படித்து, அதற்கேற்பத் திருத்தமும் செய்யலாம். இவ்விணைப்பு நல்லதோ, தீயதோ? நல்லதே என்பது எமது கருத்து. ஆயினும் அதற்கு ஓர் எல்லை வேண்டும் என்பதும் எமது கருத்து. அவ்வெல்லை யாதென்பதை எமக்கு அறிவுறுத்தியது எம் விடுதியில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி.

கணினி அறிவியல் பயிலும் நண்பர் ஒருவர், மாணவர் விழாவிற்குப் பெயர் பதிவதற்கான வலைத்தளம் ஒன்றை ஆக்கிக்கொண்டிருந்தார். பதிவோர் பெயரும், தொலைபேசி எண்ணும், விடுதி அறை எண்ணும் அதன்கண் சேரும். மறுநாட் காலையில் தளத்தைத் திறந்தாகவேண்டும். நள்ளிரவிற் காவலாள் 7 குறைகளைச் செந்நிறத்திற் காட்டினான். நண்பர் களைத்திருந்தார். ‘இச்செந்நிறக் குறிகள் தோன்றாதபடி செய்க’ என்று ஏவலாளை ஏவிவிட்டு உறங்கச் சென்றார். காலையிற் பார்த்தபோது, ‘குறை யாதும் இல்லை’ என்னும் விடை காத்திருந்தது. மகிழ்ந்து தளத்தைத் திறந்தார்.

இரண்டு நாள் கழித்து அவருடைய துறை ஆசிரியர் ஒருவர் அந்நிரலை நோக்கியபோது உண்மை வெளிப்பட்டது. ஏவலாள் 4 பொதிகளை முறையாகப் புதுப்பித்திருந்தான். எஞ்சிய மூன்றைப் புதுப்பித்தால் தளத்தின் வேறு பகுதிகள் பழுதுபட்டன. ஆதலின் அம்மூன்றையும் ‘இவற்றைப் பொருட்படுத்தற்க’ என்னும் விலக்குப் பட்டியலில் எழுதிக் காவலாளின் வாயை அடைத்துவிட்டான். நல்வினைப்பயனாய்த் தீங்கு ஒன்றும் நேரவில்லை. நண்பர் அன்றே தளத்தை மூடிச் செப்பஞ்செய்து மீண்டும் திறந்தார்.

இதன்கண் ஏவலாள் பொய் கூறினானோ? இல்லை. ஏவியதையே செய்தான். ‘தோன்றாதபடி செய்க’ என்றார் அவர், தோன்றாதபடி செய்தான். தோன்றாமை வேறு, இன்மை வேறு. சொற்பொருள் பயிலும் எம்மனோர்க்கு இவ்வேறுபாடு முதற்பாடம். ஆயினும் நள்ளிரவிற் களைத்திருப்பவர்க்கு அது புலப்படுவதில்லை. ஏவலாளும் அதனை நின்று வினவுவதில்லை. குற்றம் காண்பவனையும் குற்றம் களைபவனையும் ஒருவன் கையில் ஒப்புவித்தமையால் வந்த கேடு இது.

இது கேட்ட சிலர், ‘அங்ஙனமாயின் இணைப்பே வேண்டா, பழையபடி மக்களே சோதிக்கட்டும்’ என்பர். அவர் கூற்று எமக்கு உடன்பாடன்று. மக்கள் மட்டும் காத்தபோது நேர்ந்தது என்ன என்பதை வரலாறு காட்டும். 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் பொதியில் ஒரு பெருங்குறை வெளிப்பட்டது. திருத்தமும் உடனே வெளிவந்தது. அமெரிக்க நாட்டு ஈக்விஃபேக்ஸ் நிறுவனம் மக்களின் கடன் வரலாற்றைத் தொகுத்துவைப்பது. அந்நிறுவனத்தார்க்கும் எச்சரிக்கை சென்றது. அவர்கள் சோதனையும் நடத்தினர். ஆயினும் குறையுடைய இடத்தை அச்சோதனை கண்டிலது, திருத்தம் இடப்படவில்லை. மே மாதத்திற் புகுந்த கள்வர் ஜூலை வரை உள்ளிருந்தனர். ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் மக்களின் தனிச்செய்திகள் களவு போயின. கருவியும் இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது, திருத்தமும் இருந்தது. மூன்றையும் ஒன்று சேர்த்து முடிவு வரை தொடர்ந்து செல்லும் கைதான் இல்லாதுபோயிற்று.

2021ஆம் ஆண்டு டிசம்பரில் லாக்4ஜே பொதியில் வெளிப்பட்ட குறை மற்றொரு சான்று. குறையின் கடுமையை அளக்கும் பத்து அளவில் அதற்குப் பத்தே இடப்பட்டது. நிரல் ஓடும்போது நிகழ்வனவற்றைக் குறித்துவைக்கும் அச்சிறு பொதி எங்கெங்கு ஒளிந்துள்ளது என்று தேடுவதே பெரும்பாடாயிற்று. ஒரு முறை திருத்தியவரும் ஓய்ந்திருக்க இயலவில்லை, 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அம்மாதத்திலேயே நான்கு பதிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவ்வாறு சலிப்பின்றித் தேடுதலும், மீண்டும் மீண்டும் புதுப்பித்தலும், புதுப்பித்தபின் சோதித்தலும் மக்களைக் களைப்பிப்பன, ஏவலாளைக் களைப்பிப்பனவல்ல.

மேலும், காவலாள் காட்டும் குறிகள் அனைத்தும் ஒரே தன்மையனவல்ல. ஒரு பொதியிற் குறையுண்டு என்பான் அவன். அக்குறையுள்ள பகுதியை நம் நிரல் பயன்படுத்துகின்றதோ, இல்லையோ என்பதை அவன் பெரும்பாலும் அறியான். நூறு எச்சரிக்கைகளைக் கண்டு மலைத்து ஒன்றையும் நோக்காது விடுவார் பலர். ஏவலாள் நிரலைப் படித்து, ‘இக்குறை நம்மைத் தொடும், இக்குறை தொடாது, காரணம் இது’ என்று வகுத்துத் தரவல்லான். இவ்வுதவி சிறிதன்று.

இணைப்பு வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய காரணம் ஒன்று உண்டு. ஏவலாளே இன்று பொதிகளைத் தேர்கின்றான். அவன் இல்லாத பொதியை உள்ளதாகக் கருதிப் பெயர் கூறுதலும் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் சிலர் 2025இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 16 மொழி மாதிரிகளைக் கொண்டு 5,76,000 நிரற்பகுதிகளை எழுதுவித்துப் பார்த்தனர். அவற்றிற் பெயர் கூறப்பட்ட பொதிகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று எக்களஞ்சியத்திலும் இல்லாதது. இல்லாத பெயரைத் தீயோன் ஒருவன் தன் பொதிக்கு இட்டுக் களஞ்சியத்தில் வைத்துவிட்டால், அடுத்து அப்பெயரைக் கூறும் ஏவலாள் அதனையே வீட்டிற்குள் அழைத்துவருவான். ஆதலின் பொதியைக் கொணர்ந்தபின் அன்று, கொணர்வதற்கு முன்னரே அவன் காவலாளை வினவவேண்டும். வாயிலில் வினவாது அடுக்களையில் வினவுவதாற் பயன் என்னை?

நிற்க. காவலாளும் எல்லாம் அறிந்தவனல்லன் என்பதை மறத்தலாகாது. பட்டியலில் ஏறிய குறையையே அவன் அறிவான். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29ஆம் நாள் வெளிப்பட்ட எக்ஸ்இசட் நிகழ்ச்சியை நோக்குக. கோப்புகளைச் சுருக்கும் அப்பொதியின் பராமரிப்பில், ஒருவர் ஆண்டுக்கணக்காக நற்பணி செய்து நம்பிக்கை பெற்று, இறுதியில் 5.6.0, 5.6.1 என்னும் பதிப்புகளில் ஒரு கள்ளவாயிலை நுழைத்துவிட்டார். பழைய ஏட்டுச்சுவடிகளைப் பெயர்த்தெழுதுவோர் தம் பாட்டையும் மூலத்தோடு கலந்துவிடுவதை இடைச்செருகல் என்கிறோம். இஃது அத்தகைய இடைச்செருகலே. எப்பட்டியலிலும் அது ஏறவில்லை. ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்னும் பொறியாளர், தொலைக் கணினியுள் நுழையும்போது அரை விநாடி மிகையாகச் செல்வது ஏன் என்று ஐயுற்று ஆராய்ந்தமையால் அது வெளிப்பட்டது. காவலாள் ‘குறை கண்டிலேன்’ என்னும்போது, அதனைக் ‘குறை இல்லை’ என்று ஏவலாள் மொழிபெயர்த்துவிடலாகாது. முன் கூறிய தோன்றாமை, இன்மை என்னும் வேறுபாடே இங்கும் வந்து நிற்கின்றது.

ஏவலாளே பகைவன் கருவியாதலும் உண்டு. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் என்எக்ஸ் என்னும் பொதியின் சில பதிப்புகளில் தீய நிரல் புகுத்தப்பட்டது. அப்பதிப்பை நிறுவியவரது கணினியில் ஏஜெண்ட் கருவி உளதாயின், அந்நிரல் அதனையே அழைத்து, ‘இக்கணினியில் இரகசியத் திறவுகோல்கள் உள்ள கோப்புகளைத் தேடுக’ என்று ஏவியது. அனுமதி வினவாமலே செய்க என்னும் குறிப்பையும் உடன் சேர்த்து ஏவியது. தேடிய பொருள் உரியவரது பெயரிலேயே பொதுக் களஞ்சியத்தில் வெளியிடப்பட்டது. ஏவலாளுக்கு எஜமானன் குரலும் அயலான் குரலும் ஒன்றுபோலவே கேட்கும். அவன் படிக்கும் ஏட்டிலுள்ள சொல்லே அவனுக்குக் கட்டளையாகிவிடக்கூடும். அவன் கையில் வீட்டின் எல்லாத் திறவுகோல்களையும் கொடுத்துவைப்பது அறிவுடைமையாகாது.

இவற்றால் யாம் துணிவது யாதெனின்: ஏவலாள் காவலாளை வினவலாம், அவன் வாயை அடைத்தலாகாது. இதனை மூன்று விதிகளாக விரித்துக் கூறுவாம். முதலாவது, காவலாளின் விலக்குப் பட்டியலும், சோதனையின் அளவை மாற்றும் உரிமையும் ஏவலாளின் கைக்கு எட்டாத இடத்தில் இருத்தல்வேண்டும். ஒரு குறையை இப்போதைக்குப் பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவுசெய்வது சில வேளைகளிற் சரியாகலாம். அம்முடிவைத் தம் பெயர், காரணம், நாள் மூன்றையும் எழுதி ஒரு மனிதர் செய்க. இரண்டாவது, ஏவலாள் செய்த திருத்தத்தை அவனுக்குக் கட்டுப்படாத இடத்தில் காவலாள் மறுமுறை சோதிக்கவேண்டும். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக்கொண்டு சோதித்தறிக என்று வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் அரசர்க்கு அறிவுறுத்தியது இதற்கும் பொருந்தும். மூன்றாவது, சோதிப்பதற்கு வேண்டும் அளவே அவனுக்கு உரிமை தருக. படிக்கும் உரிமை போதுமான இடத்தில் எழுதும் உரிமை எதற்கு? வெளிவந்து சில நாளும் ஆகாத புதுப் பதிப்பை அவன் தானே ஏற்றுக்கொள்ளாதபடி தடுத்துவைத்தலும் நன்று; இடைச்செருகல் பலவும் அச்சில நாட்களுக்குள் வெளிப்பட்டுவிடுகின்றன.

‘ஒவ்வொன்றிற்கும் மனிதர் கையொப்பம் வேண்டுமாயின் விரைவு எங்கே? ஏவலாள் எதற்கு?’ என்று வினவுவார் உளர். ஒவ்வொன்றிற்கும் வேண்டும் என்று யாம் கூறவில்லை. குறைகளைத் தேடுக, வகுக்குக, திருத்தம் வரைக, சோதித்துக் காட்டுக. இவற்றிற்கு யாரையும் அவன் கேட்கவேண்டுவதில்லை. புதிய பொதியைச் சேர்த்தல், எச்சரிக்கையை விலக்குதல், திருத்தத்தை மக்கள் பயன்படுத்தும் இடத்திற்கு அனுப்புதல் ஆகிய மூன்றிடத்து மட்டும் நின்று கேட்கவேண்டும். பத்து வேலைகளில் ஏழை அவன் முடித்துத் தந்தால் அது போதாதோ?

‘மனிதரும் படியாமலே கையொப்பம் இடுகின்றனரே’ என்னும் தடையும் உண்டு. இத்தடை மெய்யே, இதற்கு முழு விடை எம்மிடம் இல்லை. எம் நண்பரை விழித்திருக்கச் செய்து வினவியிருந்தாலும், அந்நள்ளிரவில் அவர் ‘ஆகட்டும்’ என்றே கூறியிருத்தல் கூடும். ஆயினும் ஒன்று உண்டு. ஏவலாளின் அறிக்கை நாற்பது பக்கம் நீளாது, எப்பொதி, எதன் வழி வந்தது, என்ன குறை, என்ன செய்தேன், என்ன செய்யாது விட்டேன் என்று ஐந்து வரியில் நிற்குமாயின், களைத்த கண்ணும் அதனைப் படிக்கும். அவ்வைந்தனுள் இறுதி வரியே முதன்மையானது. செய்யாது விட்டதைக் கூறாத அறிக்கையை ஏற்கலாகாது. அன்று அவ்வொரு வரி இருந்திருப்பின் நண்பர் அந்நிலையில் தளத்தைத் திறந்திரார்.

இவையெல்லாம் பெரிய நிறுவனத்தார்க்கு உரியன, கல்லூரி மாணவர்க்கு எதற்கு என்று எண்ணற்க. அவ்விரண்டு நாளில் அத்தளத்திற் பெயர் பதிந்தோர் யார்? நம் வகுப்புத் தோழரும் தோழியரும் அல்லரோ? தம் தொலைபேசி எண்ணை எழுதியபோது அவர் நம்பியது ஏவலாளையன்று, காவலாளையுமன்று. அத்தளத்தை ஆக்கிய மாணவரையே நம்பினர். அந்நம்பிக்கையை எக்கருவியின் தலையிலும் ஏற்றிவிட இயலாது. ஏதேனும் கேடு நேர்ந்திருப்பின், ‘கருவி கூறிற்று’ என்பது விடையாகியிருக்குமோ?

எம் நண்பர் இப்பொழுதும் அவ்வேவலாளைப் பயன்படுத்துகின்றார். முன்னினும் மிகுதியாகவே பயன்படுத்துகின்றார். ஒரு மாற்றம் மட்டும் செய்துள்ளார். விலக்குப் பட்டியலை அவன் தொடாதபடி தனியே பூட்டிவைத்து, அதன் முதல் வரியில் தம் பெயரை எழுதியுள்ளார். நம் கல்லூரியில் நிரல் ஆக்குவோர் யாவரும் இதனைப் பின்பற்றுவாராக. கருவிகள் இரண்டும் நமக்கு ஏவல் செய்க. பொறுப்பு மட்டும் நம் பெயரிலேயே நிற்க.